பீரோவுக்கு இரண்டு சாவி... கம்ப்யூட்டருக்கு? - வீட்டு ஃபைல்களுக்கு ஏற்ற பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு. புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வேகமாக நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அதாவது, அரை மீட்டர். அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணையாற்றங்கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது கை முதலில் எதைத் தூக்கும்? அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பீரோவில் இருக்கும் நகை, பத்திரம், ரேஷன் கார்டு. மேசைக்குக் கீழே தரையில் நிற்கும் சி.பி.யு. பெட்டி யாருடைய ஞாபகத்துக்கும் வராது. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, வாரம் கழித்து ஸ்விட்சைப் போடும்போதுதான் தெரியும், உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று.

இதற்குப் புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், லேப்டாப் கை தவறி விழுந்தாலும், ஹார்டு டிஸ்க் வயதாகி நின்றாலும் முடிவு அதேதான். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011-ல். அன்று பிளஸ் டூ படித்த பிள்ளைக்குக் கிடைத்த லேப்டாப் இன்றும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் கல்யாண போட்டோக்கள்கூட அதில்தான் இருக்கும்!

எது போனால் திரும்ப வாங்க முடியாது?

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு உரக்கடை, கணக்கெல்லாம் டாலியில். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவை எக்செல்லில் வைத்திருக்கிறார். மகள் கல்லூரியில் கடைசி வருடம், புராஜெக்ட் பாதியில் நிற்கிறது. மகன் சென்னையில் வேலையில் இருக்கிறார். போன வருடம் இறந்துபோன பாட்டி, பேத்திக்குத் தாலாட்டு பாடிக் காட்டிய ஆடியோ ஒன்று, போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றப்பட்டு 'புதிய ஃபோல்டர் 3' என்ற பெயரில் கிடக்கிறது.

இவற்றில் எதைக் காப்பாற்ற வேண்டும்? எந்த மென்பொருள் நல்லது என்று தேடத் தொடங்கும் முன்பு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'திரும்ப வாங்கலாம்', இன்னொரு பக்கம் 'திரும்பக் கிடைக்காது'.

2015 சென்னை வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு, அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல்கள் வழங்கியது. இன்று டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை எந்த நேரமும் எடுத்துக்கொள்ளலாம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அரசு இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். டவுன்லோடு செய்த சினிமாவை மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டியின் தாலாட்டுக்கு எந்தத் தாலுகா அலுவலகத்திலும் நகல் கிடையாது. மூன்று வருடக் கடன் பாக்கிக் கணக்கும், பாதி எழுதிய புராஜெக்ட்டும் அப்படித்தான்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கும். 500 ஜி.பி. நிரம்பிய கம்ப்யூட்டரில் உண்மையில் காப்பாற்ற வேண்டியது பெரும்பாலும் அதில் ஒரு பகுதிதான். வேலையும் செலவும் அங்கேயே குறைந்துவிடும்.

'டி டிரைவில் போட்டிருக்கேன்' என்ற நம்பிக்கை

பேக்கப் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் மூன்று பதில்கள் வரும். மூன்றிலும் ஓட்டை உண்டு.

முதல் பதில், "முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டிருக்கேன்." விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை அழித்து மறுபடி போடும்போது, டி டிரைவில் இருப்பது தப்பிக்கும் என்பது சரிதான். அதனால்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்கள் அப்படிச் சொல்லித் தருகிறார்கள். ஆனால், பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரண்டு தடுப்புகள்தான். ஒரே பீரோவில் மேல் தட்டு, கீழ் தட்டு மாதிரி. பீரோவே வெள்ளத்தில் போனால் இரண்டு தட்டும் சேர்ந்தே போகும்.

இரண்டாவது பதில், "பென் டிரைவில் இருக்கு." ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான் பென் டிரைவ். வருடக்கணக்கில் பூட்டி வைப்பதற்கான பெட்டி அல்ல அது. தொலைவதும் சுலபம், ஜெராக்ஸ் கடையில் செருகி வைரஸோடு திரும்புவதும் சுலபம்.

மூன்றாவது பதில், "எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கு", அல்லது ஒன்டிரைவில். இது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால், இவை அடிப்படையில் செய்வது 'சிங்க்', அதாவது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வேலை. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை குழந்தை தெரியாமல் அழித்தால், 'சிங்க்' அதை விசுவாசமாக கிளவுடிலும் அழித்துவிடும். இரண்டு சேவைகளிலுமே குப்பைத்தொட்டியில் 30 நாள்கள் இருக்கும். 31-வது நாள் தேடினால் கிடைக்காது. அழித்துவிட்டோம் என்பதே தெரியாத ஃபைலை 30 நாள்களுக்குள் யார் தேடப்போகிறார்கள்?

கண்ணாடி, முன்னால் நிற்பதை அப்படியே காட்டும். ஆல்பம், நேற்று எப்படி இருந்தோம் என்பதைக் காட்டும். சிங்க் கண்ணாடி, பேக்கப் ஆல்பம். இந்த வித்தியாசம் புரிந்தால் மென்பொருள் தேர்வில் பாதி முடிந்தது.

செஞ்சிக் கோட்டை சொல்லும் பாடம்

அனந்தபுரத்துக்காரர்களுக்குச் செஞ்சிக் கோட்டை புதிதல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள், மூன்றையும் வளைத்து ஒரு பெருமதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

மராட்டியர்களுக்குச் செஞ்சி ஏன் அவ்வளவு முக்கியம்? 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்துப் பலப்படுத்தினார். 12 வருடம் கழித்து, 1689-ல் தலைநகரமான ராய்கட் கோட்டை முகலாயர் கையில் விழுந்தது. அதோடு ராஜ்ஜியம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பித்துச் செஞ்சிக்கு வந்து, இங்கிருந்தே ஆட்சியைத் தொடர்ந்தார். முகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் ராஜாராம் கோட்டையிலிருந்து தப்பிவிட்டார்.

தலைநகரத்துக்குப் பக்கத்து மலையில் இன்னொரு கோட்டை இருந்திருந்தால், இரண்டும் ஒரே படையெடுப்பில் விழுந்திருக்கும். செஞ்சி பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்ததும், ஆபத்து வருவதற்கு முன்பே தயாராக இருந்ததும்தான் கைகொடுத்தன.

கம்ப்யூட்டர் உலகம் இதையே '3-2-1 விதி' என்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ, போட்டோக்களைப் பாதுகாப்பது பற்றிய தன் புத்தகத்தின் மூலம் பிரபலப்படுத்திய கணக்கு இது. எந்த முக்கியமான ஃபைலுக்கும் 3 பிரதிகள். அவை 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில். அதில் 1 வீட்டுக்கு வெளியே.

கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ ஒன்று. கணக்கு முடிந்தது.

மென்பொருளிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

பேக்கப் மென்பொருள்கள் ஏராளம். எதைப் பார்த்தாலும் நட்சத்திரங்களும் பாராட்டும் இருக்கும். விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

1. தானாக ஓடுமா? ஞாபகம் வைத்து ஞாயிற்றுக்கிழமை தோறும் காப்பி செய்வேன் என்ற உறுதி மூன்றாவது ஞாயிறோடு முடிந்துவிடும். நேரம் குறித்துவிட்டால் தானே செய்ய வேண்டும்.

2. பழைய பதிப்புகளை வைத்திருக்குமா? அம்மா எக்செல் ஃபைலில் ஒரு பத்தியைத் தெரியாமல் அழித்துச் சேமித்துவிட்டார். நேற்றைய பதிப்பு இருந்தால் பிழைத்தார். கடைசிப் பிரதியை மட்டும் வைத்திருக்கும் மென்பொருள், அழிந்த ஃபைலைத்தான் பத்திரமாக வைத்திருக்கும்.

3. மாறியதை மட்டும் எடுக்குமா? முதல் முறை எல்லாவற்றையும், அடுத்த முறையிலிருந்து புதிதாகச் சேர்ந்ததையும் மாறியதையும் மட்டும் எடுப்பதை 'இன்கிரிமென்டல்' என்பார்கள். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் ஓடும், டிஸ்க்கும் சீக்கிரம் நிரம்பும்.

4. அந்த மென்பொருள் இல்லாமலே ஃபைலைத் திறக்க முடியுமா? சில மென்பொருள்கள் ஃபைல்களை அப்படியே காப்பி செய்து வைக்கும். சில, தங்களுக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் கட்டி வைக்கும். இரண்டாவது வகை இடத்தை மிச்சப்படுத்தும், பூட்டும் போடும். ஆனால், திறக்க அதே மென்பொருள் வேண்டும். இது சின்ன விஷயமல்ல. வீட்டு உபயோகத்துக்குப் பிரபலமாக இருந்த கிராஷ்பிளான், வீடுகளுக்கான சேவையை 2018-ல் நிறுத்திவிட்டது. பலரும் இலவசமாகப் பயன்படுத்திய மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கான ஆதரவும் 2024 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது.

5. தோற்றுப்போனால் சொல்லுமா? டிஸ்க் நிரம்பிவிட்டது, இணைக்கப்படவில்லை, பாஸ்வேர்டு மாறிவிட்டது என ஏதோ காரணத்தால் பேக்கப் நின்றுபோனால், திரையில் எச்சரிக்கை வர வேண்டும். ஓசைப்படாமல் நின்றுபோகும் பேக்கப்தான் மிக ஆபத்தானது. இருக்கிறது என்ற தைரியத்தைக் கொடுத்துவிட்டு இல்லாமல் இருக்கும்.

6. வீட்டில் உள்ள இன்னொருவரால் மீட்க முடியுமா? மகன் வந்து பார்த்தால்தான் முடியும் என்றால், அது மகனுடைய பேக்கப். வீட்டின் பேக்கப் அல்ல.

எந்த வீட்டுக்கு எது?

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், காசு கொடுத்து எதையும் வாங்கும் முன்பு, அதிலேயே இருக்கும் 'ஃபைல் ஹிஸ்டரி'யைப் பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை இணைத்து இயக்கிவிட்டால், மணிக்கு ஒரு முறை மாறிய ஃபைல்களை எடுத்துக்கொள்ளும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். எடுத்த ஃபைல்களைச் சாதாரணமாகவே திறந்து பார்க்கலாம். ஆனால், நம் ஊர் வீடுகளுக்கு இதில் ஒரு பொறி உண்டு. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற வழக்கமான ஃபோல்டர்களைத்தான் அது பார்க்கும். டி டிரைவில் நீங்களே உருவாக்கிய 'கடைக் கணக்கு' ஃபோல்டரை அது கண்டுகொள்ளாது. அந்த ஃபோல்டரை விண்டோஸின் 'லைப்ரரி'யில் சேர்த்துவிட வேண்டும். அல்லது, எல்லாவற்றையும் டாக்குமென்ட்ஸுக்குள் மாற்றிவிட வேண்டும்.

விண்டோஸ் 11-ல் 'விண்டோஸ் பேக்கப்' என்ற பெயரில் முன்னால் வந்து நிற்பது வேறு. அது உங்கள் ஃபோல்டர்களை ஒன்டிரைவுக்கு அனுப்பும். அங்கே இலவசமாகக் கிடைப்பது 5 ஜி.பி. மட்டுமே. இரண்டு கல்யாண வீடியோ போட்டால் நிரம்பிவிடும்.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் 'டைம் மெஷின்' தவிர வேறெதையும் தேட வேண்டியதில்லை. லினக்ஸ் உபுண்டுவில் பலரும் பயன்படுத்தும் 'தேஜா துப்' எளிமையானது. அதே லினக்ஸில் 'டைம்ஷிஃப்ட்' என்று ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைக் காப்பாற்றுவதற்கானது, உங்கள் போட்டோக்களுக்காக அல்ல. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எந்த ஃபோல்டரை எங்கே காப்பி செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்ல விரும்பினால் 'ஃப்ரீஃபைல்சிங்க்' இலவசம். ஃபைல்கள் அப்படியே காப்பியாகும், யாரும் திறக்கலாம். இதில் 'மிரர்' என்ற தேர்வைத் தொடும் முன்பு யோசியுங்கள். கம்ப்யூட்டரில் அழித்ததை அது டிஸ்க்கிலும் அழிக்கும். 'அப்டேட்' என்ற தேர்வு அப்படி அழிக்காது. 'வெர்ஷனிங்' வசதியையும் சேர்த்துவிட்டால், மாறிய ஃபைலின் பழைய பிரதி தனி ஃபோல்டருக்குப் போய்விடும். குறித்த நேரத்தில் தானாக ஓட, விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' உதவி தேவைப்படும். இதை மட்டும் வீட்டில் விவரம் தெரிந்தவரிடம் ஒரு முறை செய்யச் சொல்லிவிடலாம்.

கிளவுடுக்குப் பூட்டுப் போட்டு அனுப்ப வேண்டும் என்றால் 'டூப்ளிகாட்டி'. இலவசம், ஓப்பன் சோர்ஸ். கூகுள் டிரைவ் போன்ற இடங்களுக்கு என்கிரிப்ட் செய்து அனுப்பும். ஆனால், பாஸ்வேர்டு மறந்தால் யாராலும் திறக்க முடியாது.

கடைக் கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றாலும் வியாபாரம் நின்றுபோகும் என்பவர்கள், விண்டோஸோடு சேர்த்து முழு டிஸ்க்கையும் படம் பிடித்ததுபோல் எடுக்கும் 'இமேஜ் பேக்கப்' பற்றி யோசிக்கலாம். 'வீம் ஏஜென்ட்' இலவசப் பதிப்பு அதைச் செய்யும். சாதாரண வீடுகளுக்கு ஃபைல் பேக்கப்பே போதும்.

நம் ஊர் ஃபைல்களுக்குத் தனிக் கவனம்

டாலியில் கணக்கு எழுதுபவர்கள் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அது இல்லாமல் போகலாம். டாலியிலேயே 'பேக்கப்' கட்டளை இருக்கிறது. அதை டாக்குமென்ட்ஸுக்குள் ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்தால், மற்ற மென்பொருள் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், பத்திர நகல்கள், கல்யாணப் பத்திரிகை வாசகங்கள் பல வீடுகளில் இருக்கும். ஃபைலை மட்டும் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால், புதுக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாகப் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். அந்த எழுத்துரு ஃபைல்களையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். முடிந்தால் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

போனை மறக்க வேண்டாம். கூகுள் கணக்கில் கிடைக்கும் இலவச 15 ஜி.பி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் ஏறுகிறது. 15 ஜி.பி. நிரம்பினால் புதிய போட்டோக்கள் மேலே போகாமல் நின்றுவிடும்.

கிளவுடில் ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலேற்றும் இணைப்பில்கூட 100 ஜி.பி. போய்ச் சேர 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மொபைல் டேட்டாவை நம்பி இதில் இறங்கினால் அன்றைய டேட்டா காலை காபிக்குள் தீர்ந்துவிடும். எனவே கிளவுடுக்கு எல்லாம் வேண்டாம், 'திரும்பக் கிடைக்காது' பட்டியல் மட்டும் போதும்.

வேலை முடிந்ததும் கழற்றுங்கள்

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் சில நாள்களுக்குள் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. இந்த வகை வைரஸ்களின் குணம், கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்துப் பூட்டுவது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நிரந்தரமாகச் செருகியே வைத்திருந்தால், பேக்கப்பும் சேர்ந்தே போகும். மின்னழுத்தம் எகிறினாலும் அதே கதைதான்.

அதனால் வாரத்தில் ஒரு நாள் இணைத்து, வேலை முடிந்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துக் கழற்றி, உயரமான அலமாரியில் வையுங்கள். பீரோவின் கீழ்த்தட்டு வேண்டாம். வெள்ளம் முதலில் அங்கேதான் வரும்.

எடுத்தால் போதாது, மீட்டுப் பார்க்க வேண்டும்

1998-ல் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த தவறான ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழியத் தொடங்கின. பேக்கப் இருக்கிறது என்று நம்பிப் போய்ப் பார்த்தால், அது சரியாக வேலை செய்யவே இல்லை. யாரும் அதுவரை சோதித்துப் பார்த்திருக்கவில்லை. படக்குழுவின் தொழில்நுட்ப இயக்குநர்களில் ஒருவரான கேலின் சுஸ்மனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக, படத்தின் பிரதி ஒன்று அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

கோடிக்கணக்கில் செலவு செய்யும் நிறுவனத்தையே காப்பாற்றியது, ஒரு தாயின் வீட்டில் இருந்த பிரதிதான். அதுவும் தற்செயலாக. நம் வீட்டில் தற்செயலை நம்பியிருக்க முடியாது. மாதம் ஒரு முறை, பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு போட்டோவையும் ஒரு கணக்கு ஃபைலையும் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. திறந்தால் பேக்கப் இருக்கிறது. திறக்காவிட்டால் அது வெறும் டிஸ்க்.

சாவி யாரிடம்?

கடைசியாக, யாரும் பேசத் தயங்கும் ஒரு விஷயம். எல்லா பாஸ்வேர்டும் அப்பாவுக்கு மட்டும் தெரியும் என்றிருந்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு வருடங்கள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கலாம் என்பது இப்போதைய விதி. புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பழுது ஏற்பட்டால் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேட்கும். அந்த எண் பெரும்பாலும் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ அதில்தான் இருக்கும்.

பீரோவின் இரண்டாவது சாவி எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும். அதேபோல பேக்கப் டிஸ்க் எங்கே, எந்த மென்பொருள், எந்தக் கணக்கு, பாஸ்வேர்டு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு கவரில் வையுங்கள். கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' பகுதிக்குப் போய், நம்பிக்கையான ஒருவரின் பெயரையும் சேர்த்துவிடலாம்.

அனந்தபுரம் வீட்டுக்கு என்ன திட்டம்?

அந்த வீட்டுக்கே திரும்புங்கள். இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குகள் வாங்கலாம். ஒன்று அனந்தபுரத்தில், மேல் அலமாரியில். சனிக்கிழமை இரவு கடையை அடைத்ததும் அப்பா டாலியில் பேக்கப் கட்டளை கொடுக்கிறார். டிஸ்க்கைச் செருகியதும் ஃபைல் ஹிஸ்டரி தன் வேலையைப் பார்க்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அம்மா கழற்றி வைக்கிறார். இன்னொரு டிஸ்க் சென்னையில் மகன் வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுத்து, இங்கிருப்பதை எடுத்துப்போகிறார். இடைப்பட்ட மாதங்களுக்கு மகளின் புராஜெக்ட்டும், குழுக் கணக்கும், பாட்டியின் தாலாட்டும் கூகுள் டிரைவில். மென்பொருளுக்கு ஆன செலவு, பூஜ்யம்.

இந்த வார ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மென்பொருளைத் தேடி இறக்குவதற்கு முன்பு, 'புதிய ஃபோல்டர் 3'-ஐத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் அந்த ஆடியோவுக்கு ஒழுங்கான பெயர் வையுங்கள்: பாட்டி, தாலாட்டு, பதிவு செய்த தேதி. அதன் ஒரு பிரதியை, வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். மற்றவை மெதுவாக நடக்கட்டும்.